வரைபடத்தில் தனியாக ஒரு புள்ளி

இன்று காலை உன் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். உன் மஞ்சள் அளவு டேப் சுருண்டு கிடந்தது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் நீ போவாய். புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்களை நம் சங்கம் ஒளித்துவைத்திருந்த வீடுகளுக்கு நீ போகும்போது, டெய்லர் அக்கா வருகிறாள் என்றுதான் தெருக்காரர்கள் நினைத்தார்கள். முகவரி எதையும் நீ எழுதியதில்லை. நோட்டில் ‘முருங்கை மர வீடு’ என்று மட்டும் இருக்கும். எனக்கு அது எரிச்சலாக வரும்.

நாம் போகிற வீடுகளை வரைபடத்தில் பதியும் போன் செயலியைக் கொண்டுவந்தது நான்தான். நிதி கொடுப்பவர்கள் கேட்டார்கள் என்று சொல்லிக்கொண்டாலும் எனக்கே ஆசைதான். ஆரப்பாளையம் மாடி அறையில் நடந்த பயிற்சியில் நீ ஒன்றுதான் கேட்டாய்.

“இந்த மேப்ப யாரெல்லாம் பாப்பாக?”

“நம்ம ஆளுக மட்டுந்தான்டி.”

“நம்ம ஆளுகன்னா எம்புட்டுப் பேரு?”

முதலில் சிரித்தது நான். நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, எல்லா வீடுகளையும் படம் பிடித்து ஏற்றியதும் நான். பாராட்டு வேறு வந்தது.

போன மாதம் அந்த வரைபடம் ஆண்டறிக்கையில் வந்து, வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றியது. கீழக்குயில்குடி மலைப் பக்கம் ஒரே ஒரு புள்ளி. இன்று காலை அலுவலகத்துக்கு ஒருவன் போன் செய்தான். அவ்வளவு மரியாதையான குரல்.

“அக்கா, மலையடிவாரத்துல உங்க வீடு ஒண்ணு இருக்காம்ல? எம் பொண்டாட்டிக்குச் சேல எடுத்து வச்சிருக்கேன். நானே வாரேன்.”

அவளைக் கொளுத்தப் பார்த்தவன் அவன். உன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினேன். மத்தியானத்துக்குள் அவளை வேறு ஊரில் ஒரு வீட்டில் விட்டேன். அவன் கூப்பிட்டுவிடக் கூடாதென்று அவள் போனையும் வாங்கிக்கொண்டேன். எந்த ஊர் என்று எங்கும் எழுதவில்லை. உனக்குக்கூட எழுத மாட்டேன். நீ இருந்தால் மெச்சியிருப்பாய் என்று நினைத்தபடிதான் திரும்பினேன்.

ஆரப்பாளையத்தில் இறங்கும்போது கைப்பையில் என் போன் அதிர்ந்தது. ‘இன்றைய கள வருகை தானாகப் பதிவாகிவிட்டது. நன்றி.’ கீழே அந்த ஊரின் பெயர், தெருவின் பெயர். அழிக்க எனக்கு அனுமதி இல்லையாம்.

போனை அலுவலகத்தில் எறிந்துவிட்டு மறுபடி பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டிரைவர் இன்னும் வரவில்லை. பயமாக இருக்கிறதடி. என்னைத் தவிர யாரும் அங்கே வரமாட்டார்கள் என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன். யார் கதவைத் தட்டினாலும் நான்தான் என்று நினைத்துத் திறப்பாள்.