கண்ணாடித் தட்டில் பிழைத்த செல்

அம்மாவுக்கு வணக்கம். உன் முட்டிவலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன். நேத்து லேப்ல கோபத்துல ஒரு பீக்கரை உடைச்சுட்டேன், விரல்ல சின்னக் கீறல்தான்.

கோபம் உன் மேலதான்! டாக்டர் கொடுத்த மறதி மாத்திரையை நிறுத்திட்டு, சித்தப்பா விக்கிற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை அப்பாவுக்குக் கொடுக்குறியாமே? "அவ லேப்லயே அது மூளைச் செல்லைக் காப்பாத்துச்சே"ன்னு தங்கச்சிகிட்ட நியாயம் வேற பேசினியாம். காப்பாத்துனது கண்ணாடித் தட்டுல இருந்த செல்லை, அம்மா! அந்த ஆன்டிஆக்சிடன்டை முதல்லயே ஊத்தி வச்சுட்டு, அப்புறம்தான் செல்லை அரிக்கிற பெராக்சைடை விட்டோம். அரிச்ச பிறகு மருந்து ஊத்தின தட்டுல ஒரு செல்கூடத் தேறலை. அப்பாவுக்கு மறதி ஏற்கெனவே வந்தாச்சே! அவர் தலை என்ன, நான் கழுவி வைக்கிற தட்டா?

இன்னைக்கே டாக்டரைப் போய்ப் பாரு. அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதை ஃபோன்ல பதிவு பண்ணி அனுப்பு. பக்கத்துல நின்னு என் பேரை எடுத்துக் கொடுக்காதே.

உன் பெரியவ