மின்னி பேயில பொறுக்குன டின்னுங்க

இன்னைக்குக் காலையில டால்டா டின்னு ஒண்ண நெளிவெடுத்துக்கிட்டு இருந்தேன். துருவும் கடல்பாசியும் கலந்து ஒரு வாசன வந்துச்சு. அதுக்கு மேல சுத்தியல் ஓடல. கீழ வச்சுட்டு இத எழுதுறேன்.

நம்ம டின்னுல பாசி எப்படி வந்துச்சுன்னு கேப்பே. சொல்றேன்.

என்னக் கட்டிக்கிட்டு இந்தத் தீவுக்கு வந்தப்போ, மெட்ராஸ்ல இருந்து கப்பல் வந்தாத்தான் இங்க சாமான்னு தெரிஞ்ச அன்னைக்கே நீ எதையும் தூக்கிப் போடறத விட்டுட்டே. டால்டா டின்னுல பருப்பு, சாக்குல கால்மிதி, சாமான் வந்த பலகைப் பெட்டியில அலமாரி. "இதுக்குன்னு இன்னொரு மரத்த வெட்டணுமாக்கும்"னு சொன்னே. லைன் வீட்டுக்காரங்க எல்லாம் குப்பையக் கூடையோட மின்னி பே கடல்கழியில கவுத்துட்டு வருவாங்க. நீ மட்டும் போகமாட்டே.

"வீட்டுல கபாடிக் கடை வச்சிருக்கியா?"ன்னு பக்கத்து வீட்டு பெங்காலி தீதி, ஏதோ காயலாங்கடையாட்டம் கிண்டல் பண்ணுவாங்க. நீ அசரல. "மீனு அங்கதானே பிடிக்குறாங்க தீதி? நாம கொட்டறத அது திங்கும், அத நாம திங்கணும்."

மிச்ச டின்னுங்க கொல்லையில கெடந்துச்சு. மொளகாச் செடி வைக்க அடியில ஓட்ட போட்டுத் தரச் சொன்னே. ஒர்க்ஷாப்புல நான் ஃபிட்டர். ஆணியும் சுத்தியலும் இருந்தா பத்து நிமிச வேல. "ஞாயித்துக்கெழம பாக்கலாம்"னேன். எத்தனையோ ஞாயிறு போச்சு. மழ பிடிச்சுச்சு. டின்னுல தண்ணி நின்னு புழு நெளிஞ்சுச்சு. அதப் பாத்துட்டும் நான் டூட்டிக்குப் போனேன்.

அப்புறம் உனக்குக் காய்ச்சல். எட்டே நாளு.

"எந்தக் கொசுன்னு யாரு கண்டா? கழியிலயும்தான் இருக்கு"ன்னாரு டாக்டரு. தீதிக்கு அழுக நிக்கல. "அந்த டின்னுதான் பையா. ஃபேங்க் தோ, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுரு."

உன் பதினாறாம் நாளு காரியம் முடிஞ்ச மறுநா, எல்லாத்தையும் கைவண்டியில ஏத்திக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டுனேன். அடுக்களையில நீ பருப்பு வச்சிருந்ததக்கூட விடல. கண்ணுல தண்ணி வரல. ஒண்ணுமே வரல.

நாலாம் நாளு மீன்பிடிக்கிற தூத்துக்குடி அண்ணன் வலையோட வாசல்ல நின்னாரு. கிழிஞ்ச எடத்துல நம்ம டின்னு சிக்கியிருந்துச்சு.

"இது உன் வீட்டுதானே தம்பி?"

"ஆமாண்ணே."

"கடல்ல போட்டா காணாமப் போயிரும்னு நெனச்சியாக்கும். அது எதையும் செரிக்காதுடே. திரும்ப நம்ம தலையிலதான் கட்டும்." எம் மொகத்தப் பாத்துட்டுக் கொரலத் தாழ்த்துனாரு. "அந்தப் புள்ள ஒரு காகிதத்தக்கூட அங்க போட்டதில்லயே."

அந்தச் சொல்லுதான் என்னக் கிளப்புச்சு. அன்னைல இருந்து தண்ணி வத்துற நேரமெல்லாம் நான் சேத்துலதான் நிக்கிறேன். கண்டல் மரத்து வேருக்கு நடுவுல கைய விட்டுத் தடவுறேன். கெடைச்சதுக்கு அங்கனயே உக்காந்து ஓட்ட போடுறேன். இப்பப் போட்டு என்ன. நீ ஆணியால "உளுந்து"ன்னு கீறி வச்சிருந்தது மட்டும் இன்னும் ஆப்பிடல. உன் கையெழுத்துன்னு எங்கிட்ட வேற எதுவுமில்ல. தேடாத எடமும் இல்ல.

நான் மொழங்கால் சேத்தோட வர்றதப் பாத்தோ என்னவோ, லைன்ல இப்ப யாரும் குப்பைய அங்க கொண்டுபோறதில்ல. டின்னு, பாட்டில், ஒடஞ்ச பக்கெட்டு, எல்லாம் நம்ம வாசலுக்கு வருது. நேத்து தீதி காலி பால்பவுடர் டின்னக் கழுவித் தொடச்சு எடுத்துட்டு வந்தாங்க. கண்ணப் பாக்காம, "ரக் லோ பையா, வச்சுக்கோ"ன்னு குடுத்துட்டுப் போயிட்டாங்க. பைத்தியத்துக்குக் குடுக்குற மாதிரிதான். வாங்கி வச்சுக்கிட்டேன். யாரு குடுத்தாலும் வாங்குறேன்.

வலையில மீனு மட்டும் வருதுன்னு அண்ணன் சந்தோசமாச் சொன்னாரு. நீ கேட்டிருந்தா சந்தோசத்துல குதிச்சிருப்பே. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அந்தக் கடலு நாறிக் கெடக்கட்டும், மீனெல்லாம் செத்து மெதக்கட்டும், நீ இருந்தாப் போதும்னு தோணுச்சு. டின்னத் தூக்கும்போதெல்லாம் இதையும் சேத்துத்தான் தூக்குறேன்.

இப்படிப் பேசுனா உனக்குப் பிடிக்காது. திட்டு புள்ள. ஒரு தடவ வந்து திட்டிட்டுப் போ.