கை வீசி நடந்தவளுக்கு

போன கிழமை ஒரு விடியற்காலை, குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சந்தைப் பையை எடுத்தேன். அடியில் வெங்காயச் சருகு கொஞ்சம் ஒட்டிக்கிடந்தது. வெளியே கொண்டுபோய் உதறியபோது காய்ந்த வெங்காயமும் செம்மண்ணும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. கூடவே, இதை எதற்குச் சுமக்கிறாய் என்று கேட்கும் உன் குரலும் வந்தது.

“உதையேனடி காவுறாய்?”

சந்தைக்குப் போவதற்காக நான் அந்தப் பையை எடுக்கவில்லை. நடக்கப் போவதற்காக எடுத்தேன். நடக்கப் போகிறவளுக்குப் பை எதற்கு என்பது உனக்குத்தான் விளங்கும்.

நீ போன பிறகு நான் நடக்கவில்லை. இரண்டு மாரி கழிந்துவிட்டது. கிளினிக்கில் இருக்கும் சின்ன டொக்டர், என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூப்பாக இருப்பாள், போன முறை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அன்ரி, சீனி ஏறிக்கொண்டே போகுது. முந்தி வடிவா வைச்சிருந்தனீங்கள். அப்ப என்ன செய்தனீங்கள்?”

“நடந்தனான்.”

“பேந்தேன் விட்டனீங்கள்?”

வேலை கூடிவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை. அடுத்த முறையும் இப்படியிருந்தால் ஊசிதான் என்றாள். என் அம்மாவின் கால்விரல்களை இந்த வருத்தம் எடுத்த கதை உனக்குத் தெரியும். அம்மா கட்டிலில் இருந்துகொண்டு, இல்லாத விரல் கடிக்கிறது என்று சொல்லி, சொறியச் சொல்லிக் கேட்பா. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செருப்புக்குள் என் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதனால்தான் மறுநாள் பையை எடுத்தேன். நடக்க வேண்டும், ஆனால் நடக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. இத்தனை வருடம் உன்னோடு நடந்தும், தனித்தவுடன் பழைய இடத்துக்கே வந்து நின்றேன்.

அந்தப் பழைய இடம் உனக்கு நினைவிருக்கும். நீ குருநகரிலிருந்து எங்கள் ஒடுங்கிய மண் ஒழுங்கையின் மறு முனைக்குக் கலியாணம் செய்து வந்தவள். கடலைப் பார்த்து வளர்ந்த வேதக்காரப் பிள்ளை, வெங்காயமும் புகையிலையும் நடுகிற எங்கள் சைவக்காரர் நடுவில் எப்படிக் காலம் தள்ளப் போகிறாள் என்று ஒழுங்கை முழுக்க ஒரு கவலை இருந்தது. அந்தக் கவலையில் பாதி வம்புதான். நீ அதைக் கவனித்ததாகக்கூடக் காட்டவில்லை. சத்தமாகச் சிரித்தாய். கண்டவர்களோடெல்லாம் நீயே வலியப் போய்க் கதைத்தாய். எங்கள் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்தபோது நாமும் சேர்ந்துகொண்டோம்.

ஒருநாள் கிணற்றடியில் வாளியைத் தூக்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்துவிட்டாய்.

“என்னடி, உந்த வயசிலையே கிழவியாகிட்டியோ? நாளைக்கு வா, நடப்பம்.”

“எங்கை?”

“எங்கையும் இல்லை. சும்மா நடப்பம்.”

சும்மா என்ற அந்தச் சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. எங்கள் ஊரில் ஒரு பெண் தெருவில் இறங்கினால் ஒரு காரணம் வேண்டும். கோவில், சந்தை, பள்ளிக்கூடம், பஸ், செத்தவீடு. இவற்றில் ஒன்றும் இல்லாமல் நடக்கிறவளை ஊர் ஒரு மாதிரித்தான் பார்க்கும். அதனால் நான்தான் பையைக் கொண்டுவந்தேன். கையில் பை இருந்தால் சந்தைக்குப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா?

நினைத்துக்கொண்டார்கள். அதுதான் வினையானது. முதல் வீட்டு வேலிப் படலையிலேயே ஒரு குரல் வந்தது.

“பிள்ளை, சந்தைக்கோ? வரேக்கை எனக்கொரு பிடி பொன்னாங்காணி.”

அடுத்த படலையில், “தங்கச்சி, கத்தரிக்காய் பிஞ்சாப் பாத்து எடு. போன முறை முத்தல்.”

போன முறை வாங்கிக் கொடுத்தது நாமல்ல. இருந்தாலும் ஏச்சு நமக்கு. அச்சுவேலிச் சந்தைக்குப் போய், பூசணிக்காயும் முருங்கைக்காயுமாகச் சுமந்துகொண்டு திரும்பினோம். இடுப்பு நோவுக்கென்று தொடங்கிய நடை தோள் நோவையும் தந்தது. அந்தக் கிழமை முடிவில் நீ மதகில் குந்தி, பையைக் காலடியில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய்.

“எடியே, நாங்கள் நடக்கப் போறமோ, ஒழுங்கைக்குச் சமைக்கப் போறமோ?”

மறுநாள் நீ வெறுங்கையோடு வந்தாய். என் பையையும் பறித்து என் வீட்டு வேலியில் கொழுவினாய். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தால் நடையே இல்லை, வீசு என்றாய். நான் வீசத் தெரியாமல் வீசினேன். என் கை உன் கையில் இடித்துக்கொண்டே வந்தது. “தள்ளி நடவடி” என்று சொல்லிச் சொல்லி, நீ வீதிப் பக்கமும் நான் வேலிப் பக்கமுமாக நடக்கப் பழகினோம். வாகனம் வந்தால் முதலில் உன்னைத்தான் இடிக்கும் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் யோசித்தேன்.

பாக்கியம் மாமியின் கதை நடந்ததும் அப்போதுதான். ஒழுங்கை வளைவில் அவவின் வீடு. விடியும் நேரத்தில் இரண்டு பெண்கள், கையில் ஒன்றுமில்லாமல், இந்த வேகத்தில் போகிறார்கள் என்றால் அவவுக்கு அதில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. வைரவர் கோவிலடியில் திரும்பிப் பார்த்தபோது, வெள்ளைச் சேலை உடுத்து, குடையும் கையுமாக, மூச்சு வாங்க எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தா.

“பிள்ளையள், கொஞ்சம் பொறுங்கோவன். ஆரின்ரை செத்தவீடெண்டு சொல்லாமல் ஓடுறியள்!”

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. நீ அவவின் கையைப் பிடித்தாய்.

“ஒரு வீடும் இல்லை மாமி. ஒருத்தரும் சாகேல்லை. நாங்கள் உடம்புக்கு நடக்கிறம்.”

“உடம்புக்கோ? ஏன், வீட்டிலை வேலை இல்லையோ?”

“கனக்கக் கிடக்குது மாமி. அதைச் செய்ய உடம்பு வேணுமெல்லோ?”

மாமி உன்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு, “விசருகள்” என்றா. ஆனால் திரும்பிப் போகவில்லை. வந்தது வந்தாயிற்று என்று வைரவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எங்களோடுதான் நடந்து வந்தா. அதற்குப் பிறகு எங்களைக் காணும்போதெல்லாம் படலையில் நின்று, “தூரத்துக்கோ?” என்று கேட்பா. நீயும் சலிக்காமல் ஒரே பதிலைச் சொல்வாய்.

“கிட்டத்தான் மாமி. திரும்பி வாறதுக்குத்தான் போறம்.”

இப்போது யோசித்தால், நீ நடந்ததைவிட, விட்ட நடையைத் திரும்பத் தொடங்கிய விதத்தைத்தான் நான் வியக்கிறேன். எத்தனை முறை விட்டோம்! மாரியில் ஒழுங்கை வெள்ளமாகும். பிள்ளைகளுக்குப் பரீட்சை வரும். டெங்கு வந்து நீ எலும்பாகக் கிடந்தாய். ஊரடங்கில் எல்லாம் அடைபட்டது. ஒவ்வொரு முறையும் நான், இனி முதலிலிருந்தல்லவா தொடங்க வேண்டும் என்று மலைத்துப்போவேன். புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு தொடங்குவோம், தை பிறக்கட்டும், திங்கட்கிழமை வரட்டும் என்பேன். உனக்கு நாளும் இல்லை, கிழமையும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மழை விட்டு, சேறு காயாமல் கிடக்கும்போதே என் படலையைத் தட்டுவாய்.

“விட்டது விட்டதுதான். அதுக்கு அழுதுகொண்டிருக்கிற நேரத்துக்கு மதகடி மட்டும் போட்டு வரலாம்.”

மதகடிவரைதான் போவோம். மூச்சு வாங்கினால் குந்துவோம். முன்பு எவ்வளவு தூரம் போனோம் என்று நீ ஒருநாளும் பேச்செடுத்ததில்லை. அடுத்த நாள் கொஞ்சம் தள்ளிப் போவோம். கொஞ்ச நாளில் பழையபடி சந்திவரை போய்விடுவோம். உன்னை நீயே தண்டித்துக்கொள்ளாமல் உன்னால் திரும்பத் தொடங்க முடிந்தது. நான் அதைப் பலவீனம் என்று நினைத்த காலமும் உண்டு. அது எவ்வளவு பெரிய பலம் என்பது தனியே தொடங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பிறகு உனக்குப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்றி முடி கொட்டிய தலையில் ஒரு பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி விறாந்தையில் நீ நடந்தாய். ஒரு கையில் ஊசி குத்தியிருந்தது. மற்றக் கையை வீசினாய்.

“அக்கா, விழுந்து போவியள்” என்று தாதி கத்தினாள்.

“விழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குள்ளைதானே மிஸ்ஸி. தூக்கிக்கொண்டு போகத் தூரமில்லை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். “இவ்வளவு நடந்தும் உனக்கேனடி உது வந்தது?” என்று கேட்டுவிட்டேன். நீ நின்று என் முகத்தைப் பார்த்தாய்.

“விசரி, வருத்தம் வராதெண்டோ நான் நடந்தனான்? எனக்கு விருப்பம், நடந்தனான். நாள் முழுக்க ஆருக்காவது ஏதாவது காவிக்கொண்டுதானே திரியிறம். காலமையிலை அந்தக் கொஞ்ச நேரம் கை ரெண்டும் சும்மா இருந்தது.”

சொல்லிவிட்டு விறாந்தையின் அந்தம்வரை போய்த் திரும்பினாய்.

வீட்டுக்கு வந்த பிறகும் முடிந்த நாட்களில் மதகடிவரை மெல்லமாகப் போய்வந்தோம். ஒரு விடியற்காலை உன் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நான் அப்படியே இறங்கி உன் வீட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனேன். கையில் ஒன்றுமில்லை. பாக்கியம் மாமி படலையடியைக் கூட்டிக்கொண்டு நின்றா. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தா.

“என்ன, இண்டைக்குத் தனியவோ நடை? மற்றவள் இன்னும் எழும்பேல்லையோ?”

வேகமாகப் போகும் பெண்ணைக் கண்டால் செத்தவீடு என்று குடையைத் தூக்கிக்கொண்டு வந்தவ. உண்மையாகவே செத்தவீட்டுக்குப் போன அன்று அப்படி அவவுக்குத் தோன்றவேயில்லை. அந்த அளவுக்கு எங்கள் ஒழுங்கையின் கண்ணை நீ மாற்றியிருந்தாய். நான் அவவின் படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்தவ விளக்குமாற்றைக் கீழே போட்டா.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு வந்த ஒருத்தி, தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொன்னாள்: “உவள் நடந்த நடைக்கு நூறு வருசம் இருந்திருக்க வேணும். நடந்து என்னத்தைக் கண்டவள்?” அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் நடக்கப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. விறாந்தையில் நின்று நீ சொன்ன பதில் அப்போது நினைவுக்கு வரவேயில்லை. துக்கத்துக்கு இப்படியும் ஒரு மறதி இருக்கிறது.

இப்போது போன கிழமைக்கு வருகிறேன். பையோடு இறங்கினேன். சப்பாத்தின் அடி பிரிந்திருந்ததால் செருப்புத்தான். நம்மைக் கண்டால் தலையைக்கூடத் தூக்காத ஒழுங்கை நாய்கள் என்னை மறந்துவிட்டிருந்தன. படலைக்குப் படலை குரைத்தன. வளைவு வருமுன்பே கெண்டைக்கால் இறுகியது. மாமி இப்போது கதிரையைப் போட்டுப் படலையடியில் இருக்கிறா. கண் மங்கல். ஆனால் பை மட்டும் தெரிந்திருக்கிறது.

“ஆரது, சந்தைக்கோ? வரேக்கை முருங்கைக்காய் ரெண்டு.”

போனேன். வாங்கினேன். கால் கடுத்ததால் ஓட்டோவில் திரும்பி வந்தேன். மறுநாளும் அப்படித்தான், இந்த முறை வாழைப்பொத்தி. மூன்றாம் நாள் போகவில்லை. உடம்பு நோ என்று எனக்கே சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன். பெருவிரலை மடக்கினால் மடங்கியது. இன்னும் உணர்வு இருந்தது.

இன்று காலை திரும்பவும் பையை எடுத்தேன். வளைவில் மாமி கூப்பிட்டா. இன்றைக்கு என்ன காய் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

“கிட்ட வா பாப்பம். நீ நடக்கப் போறியோ, சந்தைக்குப் போறியோ?”

“நடக்கத்தான் மாமி.”

“பேந்தென்னத்துக்கு உது? அவள் உப்பிடியே நடந்தவள்?” கையை நீட்டிப் பையைப் பிடித்து இழுத்தா. “வைச்சிட்டுப் போ. செத்தவீட்டுக்குப் போற மாதிரிப் போனால்தான் நடை.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவவுக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு அவவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. உன்னைப் போலக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பையை அவவின் படலையில் கொழுவினேன்.

“தூரத்துக்கோ?” என்று கேட்டா.

“கிட்டத்தான் மாமி. திரும்பி வாறதுக்குத்தான் போறன்.”

மதகடிவரை போனேன். அவ்வளவுதான். தோட்டங்களுக்கு இறைக்கிற மெஷின் சத்தம் கேட்டது. ஒரு நாய் கொஞ்சத் தூரம் குரைத்துக்கொண்டு வந்து, பிறகு அலுத்துப்போய் நின்றுவிட்டது. மதகில் குந்தி மூச்சு வாங்கினேன். முன்பு எவ்வளவு தூரம் போனோம் என்று நினைத்துப் பார்க்கவில்லை. திரும்பி நடந்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வெறும் ஒழுங்கையில், வாகனம் ஒன்றும் வராத நேரத்தில், நான் வேலியோரமாகவே நடந்துகொண்டிருந்தேன். வீதிப் பக்கம் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தேன். அந்தப் பக்கத்துக் கையை, எதிலும் இடித்துவிடாமல், கொஞ்சம் ஒடுக்கித்தான் வீசினேன்.