தட்டு இல்லாத ரேடியோகிராம்

ஆடி 3, வெள்ளி

காற்று. ரிப்பேர் கடை ஷட்டரைத் தூக்கியதும் மேசை முழுக்க மண். திருச்சுழி பால்ச்சாமி ஐயா லோடு ஆட்டோவில் ஒரு ரேடியோகிராம் கொண்டுவந்து இறக்கினார். தேக்குப் பெட்டி, நாலு கால். இடப்பக்கம் வால்வு ரேடியோ, வலப்பக்கம் இசைத்தட்டு போடும் இடம். பெயர்ப்பட்டை இல்லை.

"ஜெர்மன் சரக்கு தாயி" என்றார். டயல் கண்ணாடியில் டெல்லி, பம்பாய், கல்கத்தா. ஜெர்மன்காரனுக்கு எதற்கு அதெல்லாம் என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிப்போனது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வாங்க வேண்டியது: கண்டென்சர், ஈயம், துவரம்பருப்பு.

ஆடி 5, ஞாயிறு

கடை லீவு. ஆனாலும் போய்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எலிக்கூடு. வால்வு எண்கள் எல்லாம் ஐரோப்பிய வரிசை. ஆனால் பெட்டி நம் நாட்டில் செய்து கோத்தது. என் கணிப்பு சரிதான். டயல் குச்சியை இழுக்கும் நூல் அறுந்திருந்தது. வீட்டுக்காரர் தறி நூலை முறுக்கி மெழுகு தேய்த்துப் போட்டேன். "என் பாவு நூல்ல கைவச்சிட்டியா?" என்றார். சாயங்காலமே தொய்ந்துவிட்டது. அவருக்குச் சிரிக்க ஒன்று கிடைத்தது.

பெரிய சிக்கல் வேறு. இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் இரும்புத் தட்டைக் காணோம். நடு அச்சு மட்டும் மொட்டையாக நிற்கிறது.

ஆடி 8, புதன்

ரேடியோ பேசிவிட்டது. மோட்டாரும் சுற்றுகிறது. தட்டு எங்கே என்று ஐயாவிடம் போனில் கேட்டேன். அவருக்கும் தம்பிக்கும் நடந்த பாகப்பிரிவினைக் கதையை எடுத்தார்.

பாகம் பிரித்தபோது, தரையில் நிற்பது அண்ணனுக்கு, கையில் தூக்குவது தம்பிக்கு என்று ஊரில் பேசி முடித்தார்களாம். கட்டில் இவருக்கு, மெத்தை அவருக்கு. தம்பி இசைத்தட்டுகளோடு அந்தச் சுழல் தட்டையும் கழற்றிக்கொண்டு பரளச்சிக்குப் போய்விட்டார். அதோடு பேச்சுவார்த்தை கிடையாது.

"நீங்களே கேட்டுப் பாக்கலாமே ஐயா?"

"நான் போய் அவன் வாசல்ல நிக்க மாட்டேன். நீ கேளு தாயி. ஒரு பாட்டு பாடுனாப் போதும்."

எரிச்சல். நான் ரிப்பேர்காரியா, தூதுக்காரியா?

ஆடி 11, சனி

பரளச்சி பஸ். உட்கார இடமில்லை. தம்பி வேலுச்சாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அது எங்கிட்டோ கெடக்கும். தவிட்டு டிரம்முக்கு மூடியாக் கெடந்துச்சு."

எனக்கு மோர் கொடுத்தார். தட்டைக் கொடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "ரேடியோ பேசுதாம்மா?" என்றார். பேசுகிறது என்றேன். வெறுங்கையோடு வீடு வந்தேன்.

ஆடி 12, ஞாயிறு

லீவுதான், ஆனாலும் கடைக்குள் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். வேலுச்சாமி வந்து நிற்கிறார். துண்டில் சுற்றிய இரும்புத் தட்டு, கக்கத்தில் ஒரு இசைத்தட்டு. தவிட்டு வாடையே இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த இரும்பு, துளி துரு கிடையாது.

"குடுக்க வரல. ஓடுதான்னு பாக்கத்தான் வந்தேன்."

போட்டேன். நாகஸ்வரம். கொஞ்சம் கரகரத்து, பிறகு தெளிந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு பக்கம் முடிந்ததும், "கழட்டிக் குடும்மா. அடுத்த ஞாயித்துக்கெழம மறுபக்கம் போட வாரேன்."

கழற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

ஐயாவுக்குப் போன் போட்டேன். தட்டை ஏன் விட்டாய் என்று திட்டுவார் என்று நினைத்தேன்.

"எப்ப வாரானாம்?"

"வர்ற ஞாயித்துக்கெழம."

"நான் எதுத்த டீக்கடையில உக்காந்துக்கிறேன். சத்தத்த மட்டும் கொஞ்சம் கூட்டி வையி தாயி."