லிபியா ஷிப்டுக்கு வந்த நாள்

சேசு மரி சூசை துணை

ஓசூர்,
செவ்வாய்க்கிழமை

என் அன்பு கிருபாவுக்கு,

உன் அருள்ஜோசப் எழுதிக்கொள்வது. நானும் லிபியாவும் இங்கே நலம். அவள் என்னைவிட நலம். நேற்றிலிருந்து முன்பல் ஒன்று ஆடுகிறது, அதைத் தெருவுக்கே ஆட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததையும் கேட்டேன், முதல் தேதி ஆஸ்பத்திரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மஸ்கட்டிலிருந்து கிளம்பிவிடுகிறேன் என்று நீ சொன்னதையும் கேட்டேன். கொடுக்காதே. மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதை எழுதி வைத்துவிடுகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் எனக்குக் கோபம் வருகிறது, நடுவில் உன் மகள் போனைப் பிடுங்கிப் பல்லைக் காட்டுகிறாள். பக்கத்துத் தெரு பிரியதர்ஷினி லீவு முடிந்து வியாழக்கிழமை உங்கள் ஆஸ்பத்திரிக்கே திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ராகி மாவும் வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு மாவைப் பிரி.

நான் குழந்தையைத் தொலைத்துவிட்டேன் என்று உன் அண்ணன் ஸ்டெபின் மச்சான் உன்னிடம் சொல்லியிருக்கிறார். ஆமாம், தொலைத்தேன். முக்கால் மணி நேரம். எப்படித் தொலைத்தேன் என்பதையும் நான் சொல்லியே நீ கேட்க வேண்டும்.

போன புதன்கிழமை காலை. மார்கழிப் பனியில் நம் முக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அங்கேதான் அவளுடைய ஸ்கூல் வேனும் வரும், என் கம்பெனி பஸ்ஸும் வரும். போய் நின்ற பிறகு பார்த்தால் அவளுடைய சாப்பாட்டுப் பை வீட்டிலேயே இருக்கிறது. இங்கேயே நில்லு, அசையாதே என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஆறு வயதுக் குழந்தையைத் தனியாக ரோட்டோரம் நிறுத்தியது என் தப்பு. பனி மேலோ வேன்காரர் மேலோ அதைப் போட மாட்டேன். அதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஏறுகிறவர்கள் எல்லாருமே சாம்பல் ஜெர்கின், குரங்குக் குல்லா, கையில் டிபன் பை. அதில் எவனோ ஒருவனைப் பார்த்து, அப்பா நம்மை விட்டுவிட்டுப் போகிறார் என்று இவளும் பின்னாலேயே ஏறிவிட்டாள். ஷிப்டு பஸ்ஸில் யார் யாரைப் பார்க்கிறார்கள்? உட்கார்ந்ததும் தூங்குகிற ஜனம். இவளும் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கியிருக்கிறாள்.

நான் திரும்பி வந்தபோது பஸ்ஸும் இல்லை, வேனும் இல்லை. வேனில் போய்விட்டாள் என்று நினைத்து, சாப்பாட்டுப் பையோடு பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். வேன் வந்திருந்தது. இவள் வரவில்லை. கிருபா, ஸ்கூல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்றுதான் முதலில் தோன்றியது, குழந்தையைப் பற்றிய பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் எங்கள் கேட் செக்யூரிட்டி பொன்னுசாமி போன் பண்ணினார். ஏம்ப்பா அருளு, உம் பொண்ணு கரெக்டா ஷிப்டுக்கு வந்து நிக்குது, நீ எங்கப்பா இருக்கே என்று கேட்டார். பஞ்ச் பண்ணுகிற வரிசையில் ஸ்கூல் பையோடு நின்றாளாம். யாரம்மா நீ என்று கேட்டதற்கு, என் பெயர், என் எம்ப்ளாயி நம்பர், அசெம்ப்ளி ரெண்டாவது லைன் என்று மடமடவென ஒப்பித்திருக்கிறாள். தலை பின்னும்போது அழாமல் இருக்க நான் பாட்டாகச் சொல்லிக் கொடுத்தது அது. பொன்னுசாமி அவளுக்கு முறைப்படி விசிட்டர் பாஸ் எழுதினார். யாரைப் பார்க்க என்ற இடத்தில் அப்பா. என்ன விஷயமாக என்ற இடத்திலும் அப்பா. அந்தப் பாஸை பீரோவில் வைத்திருக்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் பார்க்க அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. ஏம்ப்பா லேட்டு என்று கேட்டாள். சூப்பர்வைசரும் அதையேதான் கேட்டார்.

அன்று சாயங்காலம் அவளுடைய ஆரஞ்சு ரிப்பன் ஒன்றை எடுத்து என் குரங்குக் குல்லாவின் உச்சியில் பூவாகக் கட்டித் தந்தாள். இனிமேல் இந்தப் பூ எங்கேயோ அங்கேதான் நான் என்பது அவள் போட்ட சட்டம். தினமும் அதோடுதான் பஸ் ஏறுகிறேன். முதல் நாள் பஸ் முழுக்க விசில். இரண்டாம் நாள் ஒருவன் மல்லிகை வேணுமாண்ணா என்றான். கொண்டா, வைத்துக்கொள்கிறேன் என்றேன். நான்காம் நாள் விசில் நின்றுவிட்டது. இன்னொரு விஷயம், இப்போது எது மறந்தாலும் அவளையும் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், மச்சான் கிருஷ்ணகிரியிலிருந்து காரோடு வந்து வாசலில் நிற்கிறார். பொம்பளை இல்லாத வீட்ல பொட்டப்புள்ள எப்பிடி மாப்ளே வளரும், துணிமணி எடுத்து வைங்க, கூட்டிட்டுப் போறேன், அங்கியே ஸ்கூல்ல சேத்துக்கலாம் என்றார். காபி குடிச்சிட்டுப் போங்க மச்சான், புள்ள வராது என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு நஞ்சம்மா சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், மகு இல்லே இர்லி, குழந்தை இங்கேயே இருக்கட்டும் என்று கன்னடத்திலும் தமிழிலும் தீர்ப்பு சொன்னார். கார் காலியாகத்தான் திரும்பியது.

அவர் போய் உன்னிடம் அழுதிருக்கிறார். இருக்கட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வருஷம் வேளாங்கண்ணியில் இதே மச்சான் தன் மகனைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு லாட்ஜுக்கு வந்தாரே, அன்றைக்கு யார் யாரை வேலையை விடச் சொன்னார்கள்? தப்பு செய்தது நான். வேலையை விடுவது நீயா? இது எந்த ஊர் நியாயம்? தண்டனை என்றால் எனக்குக் கொடுங்கள். அப்பன் ஒரு தடவை தவறினால் அம்மாவைப் பிடித்து இழுத்து வருகிற வழக்கத்துக்கு இந்த வீட்டில் இடமில்லை.

நான் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன் என்று சொல்லவில்லை. முதல் மாதம் நான் பின்னிய ஜடையில் அவள் புருவம் மேலே ஏறிவிட்டது, போல்ட்டு முறுக்குகிற கை அல்லவா. வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என் பெயர் இன்னும் லிபியா மம்மி. மாற்றச் சொல்லிப் பார்த்தேன், இப்போது அந்தப் பெயருக்கே குட் மார்னிங் போடுகிறேன். மாறுவேடப் போட்டிக்கு முட்டைகோஸ் வேடம் என்றார்கள். தளியிலிருந்து வருகிற நண்பனிடம் சொல்லி நிஜமான கோஸ் இலை வாங்கி சட்டையில் தைத்தேன். மேடை ஏறுவதற்குள் இலை வாடி, பார்த்தவர்கள் கீரை என்றார்கள். இரண்டாவது பரிசு. கீரையாகவே வாங்கிக்கொண்டோம்.

மஸ்கட் நர்ஸ் வேலைக்கான அந்தப் பரீட்சையை நீ மூன்று தடவை எழுதினாய். இரண்டு தடவை தோற்றபோதும் இதே ஜனம்தான், போதும் விடு, புள்ளையைப் பார் என்றது. நீ விடவில்லை. மூன்றாவது தடவை பாஸான அன்று, என் பேட்ஜில் என் பேர் இருக்கும்ங்க என்று சொன்னாயே, அதைச் சொன்ன முகம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் ஆறு மாதம் முடிந்தது. இன்னும் ஒன்றரை வருஷம். அந்தப் பேட்ஜை யாருடைய பேச்சுக்காகவும் கழற்றாதே.

லிபியாவுக்காக வராதே, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊர் வாய்க்காகவும் வராதே, அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்காக வரட்டுமா என்று மட்டும் என்னிடம் கேட்டுவிடாதே, கிருபா. அதற்கு வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

மாதா உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும், முதல் தேதியன்று கொஞ்சம் இறுக்கமாகவே.

என்றும் உன்,
அருள்ஜோசப்
(லிபியா மம்மி)