நிலம் என்று வாசித்தேன்

4 ஜூலை 1983, திங்கள்

மழை. எழுந்ததும் முதல் வேலையாக இந்த நோட்டைப் புடவை அடுக்கிலிருந்து எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். இத்தனை வருஷம் புடவைக்கு நடுவில் பத்திரமாகத்தான் இருந்தது. இவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பெண்ணும் மலையாளத்தில் படித்தவள். நான் மட்டும் ஐந்தாவது வரை கோயம்புத்தூர். இந்த வீட்டில் தமிழ் வாசிக்கிற ஆள் நான் ஒருத்தி. இப்போது ஹேமாவும்.

அவள் வந்து பத்து நாள். மெட்ராஸ்காரி. வயது முப்பத்தொன்று. நீர்நாய் ஆராய்ச்சியில் டாக்டர் பட்டம். வெள்ளம் ஏறுகிற தாழ்ந்த இடங்களில் வீடு கட்டும் விதிகளை எங்கள் ஆபீஸில் திருத்துகிறோம், அதற்கு யோசனை சொல்ல வரவழைத்திருக்கிறார்கள். "லளிதே, நிங்ஙளுடெ ஆளல்லே, அவிடெத் தங்ஙிக்கோட்டே" என்றார் மேனன் சார், என் மேலதிகாரி. உங்கள் ஊர் ஆள்தானே, உங்கள் வீட்டிலேயே தங்கட்டுமாம். உத்தரவுதான். பெண் திருச்சூர் ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் அறை ஹேமாவுக்கு.

பழைய விதி ஒன்றே ஒன்று கேட்கும்: வீட்டின் தளம் வெள்ளத்துக்கு மேல் நிற்க வேண்டும். ஆக, சதுப்பில் செம்மண் கொட்டி மேடாக்கிவிட்டால் எல்லாம் சட்டப்படி சரி. நீர்நாயின் வளை அந்த மண்ணுக்கு அடியில். ஆறு வருஷம் முன்பு மேனன் சாரிடம் இதைச் சொன்னேன். "லளிதே, நீர்நாய்க்கு வோட்டுண்டோ?" அறை முழுக்கச் சிரிப்பு. போன வாரம் ஹேமா அதையே இங்கிலீஷில் சொன்னாள். மேனன் சார் அவளுக்குச் சாயா வரவழைத்தார். கூடவே பழம்பொரி, நம்மூர் வாழைப்பழ பஜ்ஜி.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர் அவளுக்கு மலையாளம் சொல்லிக்கொடுத்தார். "இங்கே தோடுன்னா காதுல போட்டுக்கறது இல்லே, வாய்க்கால். பாடம்னா வயல்."

"அப்போ ஸ்கூல் பசங்க எல்லாம் சேத்துலயா உக்காந்து பாடம் படிப்பாங்க, சார்?"

இவருக்குச் சிரித்துப் புரையேறியது. என்னோடு சிரித்துப் புரையேறியது எப்போது? யோசித்தேன். நினைவில்லை.

அவளுக்கு அவர் "சார்". நான் "மாமி". எனக்கு நாற்பத்து மூன்று, அவருக்கு ஐம்பது.

வாங்க: உளுந்து, சீயக்காய், சிவப்பு மை (ஆபீஸுக்கு). குடைக்குக் கம்பி போட வேண்டும்.

5 ஜூலை, செவ்வாய்

தூறல். காலையில் படகுக்கார அந்தோணிச் சேட்டனின் வஞ்சியில் நானும் ஹேமாவும் சதுப்புக்கு. கண்டல் மரங்களுக்கு நடுவே, தோடு காயலில் சேருகிற இடம். ஈரக் கரையில் நீர்நாயின் எச்சம், மீன் செதிலோடு. காட்டியது நான். பதினொரு வருஷமாக அந்த இடம் எனக்குத் தெரியும். அதற்கென்று தனி நோட்டு: தேதி, எத்தனை, எந்தக் கரை, குட்டி உண்டா.

அவள் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் புடவையைப் பிடித்துக்கொண்டு வஞ்சியில். தன் புத்தகத்தில் எழுதினாள்: "முதல் பதிவு". எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்தோணிச் சேட்டன்: "டாக்டர் வந்நப்போள் தன்னெ கிட்டியல்லோ! நம்முடெ சேச்சி எத்ர கொல்லமாய் நோக்குந்நு!" நான் வருஷக்கணக்காகப் பார்க்கிறேனாம், டாக்டருக்கு வந்ததுமே கிடைத்துவிட்டதாம். வேடிக்கைக்குச் சொன்னார். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் விதியின் வரைவு. எழுதியது மேனன் சார், மலையாளத்தில். ஹேமாவுக்கு அந்த எழுத்து தெரியாது. நான் உரக்க வாசிக்க, அவள் இங்கிலீஷில் எழுதினாள். வெள்ளிக்கிழமை கமிட்டியில் வாசித்து நிறைவேற்றப்போவது இங்கிலீஷ்தான். புரியாத சொல் வந்தால் கையைத் தூக்குவாள், நான் விளக்குவேன். ஏழெட்டுத் தடவை தூக்கினாள். கை விரல்கள் நீளம். நகத்தில் சேறு, அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

6 ஜூலை, புதன்

ஹேமாவின் இங்கிலீஷ் வரைவு டைப் அடித்து வந்தது. மூலத்தையும் நகலையும் ஒத்துப் பார்ப்பது என் வேலை. சரியாக இருந்தால் கடைசிப் பக்கத்தில் என் சுருக்கொப்பம், ல.வெ. அந்த இரண்டெழுத்து விழுந்த தாளை ஆபீஸில் யாரும் திரும்ப வாசிப்பதில்லை. இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

நான்காம் விதி. "தோட்டின் கரையிலுள்ள நிலத்தில் மண் நிரப்பவோ கட்டடம் கட்டவோ கூடாது." ஹேமா எழுதியிருப்பது "லாண்ட்".

இங்கே பதிவேட்டில் "நிலம்" என்றால் தண்ணீர் நிற்கிற நெல்வயல், சதுப்பு. வீடு கட்டுகிற மேட்டுமனைக்குப் பெயர் பறம்பு. தமிழில்தான் எல்லாமே நிலம். தமிழ் தெரியாத ஒருத்தி என்றால் கையைத் தூக்கியிருப்பாள். தெரிந்த சொல் என்பதால் இவள் தூக்கவில்லை. தோடும் பாடமும் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நிலத்தை விட்டுவிட்டார்.

நிலம் என்று வாசித்தது நான். அவள் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

இப்படியே போனால் தோட்டுக்கரையில் பறம்பில்கூட ஒரு குளியலறை கட்ட முடியாது. கமிட்டியில் பாதிப் பேர் காண்ட்ராக்டர்கள். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தூக்கி எறிவார்கள், நீர்நாயோடு சேர்த்து. எல்லோர் முன்னாலும் டாக்டர் ஹேமா நிற்பாள். அந்த முகத்தை நினைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

எழுதியாயிற்று. இனி மறைக்க என்ன.

ல.வெ. போட்டு மேனன் சார் மேஜையில் வைத்தேன்.

சிவப்பு மை வாங்கினேன். உளுந்து மறந்தது.

7 ஜூலை, வியாழன்

மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் அரை மணி தாமதம். சீயக்காய் போட்டும் தலையில் பிசுக்கு.

காலை இட்லி சாப்பிடும்போது ஹேமா இவரிடம்: "மாமி ஒத்துப் பாத்துட்டாங்க, சார். இனிமே நான் திரும்பிப் பாக்கவே வேணாம். எங்க டிபார்ட்மெண்ட்ல இப்படி ஒருத்தர் இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்."

இவர்: "அவ கண்ணுலேந்து ஒரு புள்ளி தப்பாது, கேட்டேளா. கல்யாணமான நாள்லேந்து நேக்கு அதுதான் பயம்."

இவர் வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. வர வேண்டிய நாளா இது? சட்னியைத் தரையில் கொட்டினேன். "பரவால்ல மாமி, நான் தொடைக்கறேன்" என்று அவளே குனிந்து துடைத்தாள். அவளை வெறுக்க ஒரு வழியும் விட மாட்டேன் என்கிறாள்.

சாயங்காலம் தனியாக அந்தோணிச் சேட்டனின் வஞ்சியில். கண்டலுக்குப் பக்கத்தில் புதிதாகச் செம்மண் குவியல், ஒரு லாரி அளவு. அதன்மேல் இரண்டு நீர்நாய், ஒரு குட்டி. குட்டி மண்ணில் புரண்டது. தனக்கு விளையாடக் கொட்டியிருக்கிறார்கள் என்ற நினைப்பு.

"நாளெ கமிட்டி கழிஞ்ஞால் பாக்கி லோரி வரும், சேச்சீ" என்றார். கமிட்டி முடிந்ததும் மீதி லாரிகளும் வருமாம். "விதி தோற்குமெந்நு அவர்க்கு உறப்பாணு." விதி தோற்கும் என்று அவ்வளவு நிச்சயம் காண்ட்ராக்டர்களுக்கு. தோற்பதற்கு வேண்டியதை நான்தான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

மற்ற நோட்டில் எழுதினேன்: 2, குட்டி 1.

வஞ்சியிலேயே உட்கார்ந்து யோசித்தேன். இவர் சிரித்தால் சிரிக்கட்டும், அது ஆறிவிடும். சாயா, பழம்பொரி, அதுவும் போகட்டும். ஒரே விஷயத்தை இரண்டு பேர் சொல்ல, அவளை நம்பினார்கள். அதுதான் ஆறவில்லை. ஆனால் இந்தக் குட்டி என்னையும் நம்பவில்லை, அவளையும் நம்பவில்லை. எங்கள் இருவரையும் பார்த்ததும் ஒரே மாதிரி தண்ணீரில் குதிக்கும்.

அவள் தோற்றாலும் எனக்குச் சாயா வரப்போவதில்லை.

8 ஜூலை, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. குக்கர் அடுப்பில். ஹேமா இன்னும் எழவில்லை. இவர் பேப்பரில் கிரிக்கெட் பக்கம். உலகக் கோப்பை ஜெயித்த கதை இன்னும் ஓயவில்லை.

கமிட்டி மூன்று மணிக்கு. ஏழு மணி போட்டில் போகிறேன், மேனன் சார் வருவதற்கு முன்னால். நான்காம் விதியில் லாண்டை அடித்து, பக்கத்தில் மலையாள எழுத்திலேயே நிலம், ஓரத்தில் இங்கிலீஷில் விளக்கம்: நெல்வயல், சதுப்பு. பறம்புக்குப் பொருந்தாது. சுரண்டி மறைக்க மாட்டேன், அடித்தது தெரியட்டும். கடைசிப் பக்கத்தில் ல.வெ.யையும் அடிக்க வேண்டும். புதன்கிழமை பார்க்கவில்லையா என்று மேனன் சார் கேட்டால், பார்த்தேன் என்று சொல்வேன். இருபது வருஷ மரியாதை அதோடு போகும். போகட்டும்.

அடித்ததற்குக் கீழே இரண்டெழுத்து போதாது. லலிதா வெங்கடேஸ்வரன், முழுசாக. பதினொரு வருஷ நோட்டையும் ஃபைலின் பின்னால் நூல் போட்டுக் கட்டுவேன். முதல் பதிவு யாருடையது என்று அதிலுள்ள தேதி சொல்லும்.

ஹேமாவிடம் சொல்லப்போவதில்லை. கமிட்டியில் தாளைத் திருப்பும்போது அவளே பார்க்கட்டும், திருத்தத்தையும் என் நோட்டையும்.

சிவப்பு மைப் புட்டி பைக்குள் வைத்தாயிற்று.