பாத்திட்டன், ஏறும்

இன்று காலை ஊர்காவற்றுறையில் வீதிக்குத் தார் ஊற்றினார்கள். விடியக் கடலுக்குப் போய் வந்து, ஐஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற வழியில் அந்த மணம் மூக்கில் ஏறியதும் என் இடது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிட்டது. செத்துப்போன மனிதரை நினைக்க மற்றவர்களுக்கு ஊதுபத்தி மணம் போதும். எனக்கு உம்மை நினைக்கத் தார்தான் வாய்த்திருக்கிறது. இந்தத் தீவுகளில் சைக்கிள் சில்லின் விளிம்பில் தார் தேய்த்த ஒரே விசரன் நீர்தானே. பிறேக் கட்டை அப்போதுதான் நன்றாகக் கடிக்கும் என்பீர். பிடித்தால் பன்றி கத்துவது போல ஒரு சத்தம் வரும், கடற்கரையில் வலையைத் துப்புரவாக்கிக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்த கிழமை உம்முடைய ஆட்டைத் திவசம், நீர் செத்து ஒரு வருடம். நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரும்படி சுருவிலில் இருந்து உம்முடைய அக்கா கேட்டா. "அவனோடை சேந்து சைக்கிள் ஓடினது நீர்தானே, நீர் எழுதாமல் ஆர் எழுதிறது?" என்றா. நானும் இருந்து எழுதினேன். 'நேர்மையின் உறைவிடம்' என்று முதல் வரி. எழுதிய அன்று மாலையே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். ஏனென்று பிறகு சொல்கிறேன். அந்த நாலு வரிக்குப் பதிலாகத்தான் இது.

பிரான்சில் வளர்ந்த நீர் இருபத்தெட்டு வயதில் ஊர் திரும்பியபோது, பெட்டி நிறையச் சொக்லேற் கொண்டுவருவீர் என்று சனம் பார்த்துக்கொண்டிருந்தது. நீரோ சீற் இல்லாத ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினீர். "தம்பி, சீற்றை வழியிலை களவெடுத்துப் போட்டாங்களோ?" என்று எங்கள் அப்பா கேட்டது நினைவிருக்கிறதா? இருக்கிறதுக்கில்லை ஐயா, நிக்கிறதுக்கு என்றீர். ஓடுவதற்கும் இல்லை, கல்லிலிருந்து கல்லுக்கும் மதிலிலிருந்து நிலத்துக்கும் காலை ஊன்றாமல் தாவுவதற்கென்றே செய்த சைக்கிள் என்று விளக்கம் சொன்னீர். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. எனக்கும் உம்முடைய வயதுதான். பன்னிரண்டு வயதில் இருந்து அப்பாவின் வள்ளத்தில் என்ஜின் பிடித்தவள் நான். அலையில் காலை ஊன்றாமல் நிற்பது எனக்குப் புதிதில்லை.

நான் உமக்குக் கடற்கரைக் கல்லைக் காட்டித் தந்தேன், எது பாசி பிடித்தது, எது காலை வைத்தால் உருளும் என்று. நீர் எனக்குச் சைக்கிளைக் காட்டித் தந்தீர். ரயரில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும், பெருவிரலால் அமத்தினால் உள்ளே போக வேண்டும், அப்போதுதான் கல்லைப் பற்றும் என்பீர். சந்திச் சைக்கிள் கடைக்கார அண்ணை அதைப் பொறுக்கமாட்டார். "காத்துக் காணாது பிள்ளை, ரியூப் வெட்டப் போகுது" என்று நாங்கள் தேநீர் குடிக்கிற நேரம் பார்த்துக் கல்லுப்போல அடித்து வைத்துவிடுவார். நீர் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்ப இறக்குவீர். அவர் அடுத்த முறையும் அடிப்பார்.

"முதல்லை ஓடப் பழகவேண்டாம். நிக்கப் பழகும்," என்றீர். இரண்டு மாதம் நான் நின்றேன். மிதி இரண்டும் ஒரே மட்டத்தில், பழகிய கால் முன்னே, பாரம் காலில், கை சும்மா. பிறேக்குக்கு ஒரு விரல் மட்டும். கல்லைப் பார்க்கக்கூடாது, போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். உம்முடைய தமிழில் அந்த 'ற' மட்டும் பிரெஞ்சுக்காரர் மாதிரித் தொண்டைக்குள் இருந்து வரும். "பிஹேக், பிஹேக்" என்று நான் பழித்துக் காட்டுவேன். நீர் கோபிக்காமல் சிரிப்பீர். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முக்கியமான விதி ஒன்று வைத்திருந்தீர். "ஏறமுதல் ரெண்டு பிறேக்கையும் பிடிச்சுப் பாரும். தள்ளிப் பாரும். ஆர் தந்தாலும், நான் தந்தாலும்." தொடக்கத்திலேயே எங்களுக்குள் சண்டை வந்ததும் பிறேக்கில்தானே. இங்கே சைக்கிளுக்கு வலது கையில் முன் பிறேக், இடது கையில் பின் பிறேக். உம்முடைய பிரான்சில் மறுவளம். உம்முடைய சைக்கிளில் ஏறி முதல்நாளே நான் மண்ணைக் கவ்வினேன். "இஞ்சை ஓடுற சைக்கிள் இஞ்சத்தை மாதிரி இருக்கட்டும்," என்றேன். நீர் ஓம்பட்டு, கம்பிகளை மாற்றிப் பூட்டினீர். அன்று முதல் இடது விரல் என்றால் பின் சில்லு. அது என் உடம்பில் ஊறிப்போனது.

மாதா கோயில் பெருநாளுக்கு மறுநாள் இளைஞர் கழகத்தின் விளையாட்டு விழா. பழைய துறைமுகக் கற்கட்டில் இருந்து இடுப்பளவு உயரம் சைக்கிளோடு கீழே குதிக்க வேண்டும். பின் சில்லு முதலில் நிலத்தில் பட வேண்டும், பட்டதும் பின் பிறேக் பூட்டி நிற்க வேண்டும். நூறு முறை செய்தது. ஊரே நிற்கிறது, ஒலிபெருக்கியில் என் பெயர். நீர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தீர். நான் குனிந்து பிறேக்கைப் பிடிக்கப் போனேன். நீர் என் தோளைத் தட்டினீர்.

"பாத்திட்டன், ஏறும்."

ஏறினேன். குதித்தேன். இடது விரலை மடித்தேன். முன் சில்லு பூட்டிக்கொண்டது. ஹாண்டிலுக்கு மேலால் போய்க் கல்லில் விழுந்தேன். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு உம்மிடம் கேட்டேன், மறந்திருக்கமாட்டீர். "நான் இடக்கையைத்தானே பிடிச்சனான். எனக்கு நல்ல ஞாபகம். பேந்து ஏன் முன் சில்லு நிண்டது?" நீர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொண்டுவந்த தோடம்பழத்தை உரித்துக்கொண்டே சொன்னீர்: "கை பதறிப்போச்சு. பதறினால் எந்தக் கை எண்டு தெரியாது. எல்லாருக்கும் வாறதுதான்." நான் நம்பினேன். என் கை எனக்குச் சொன்னதை விட்டுவிட்டு நீர் சொன்னதை நம்பினேன்.

'கை பதறினவள்' என்ற பேர் ஊரில் ஒட்டிக்கொண்டது. ஐஸ் கட்டி தூக்கினாலும் "பாத்து, பாத்து, கை பதறப்போகுது" என்று பெடியள் பகிடி பண்ணினார்கள். பகிடியைத் தாங்கலாம். கை ஆறிய பிறகு ஒருநாள் அனலைதீவுக்குப் போகும்போது கொஞ்சம் கடல் எழும்பியது. அப்பா மெல்ல, "நான் பிடிக்கிறன், நீ இங்காலை வா பிள்ளை," என்றார். உடனே எழும்பி இடத்தைக் கொடுத்தேன். ஏனென்றால் எனக்கே என் கையில் நம்பிக்கை இல்லை. வள்ளத்தில் அப்பாவும் தம்பியும் அவன் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பதறுகிற கையோடு நான் எப்படிப் பிடிப்பேன்? அதன்பிறகு மூன்று வருடம் நான் என்ஜின் பிடிக்கவில்லை. சைக்கிளையும் தொடவில்லை. நீர் இதையெல்லாம் கண்ணால் கண்டுகொண்டுதான் இருந்தீர். "நீர் திருப்பி ஓடலாம்" என்று ஒருமுறையாவது சொன்னீரா? அதுவும் இல்லை.

பிறகு உமக்கு வருத்தம் வந்தது. ஆறு மாதம் கிடையில் கிடந்தீர். ஞாயிறு தவறாமல் பூசை முடிந்ததும் சுருவிலுக்கு வந்து உமக்குக் கஞ்சி பருக்கினேன். கடைசிக்கு முந்திய ஞாயிறு சைக்கிளைக் காட்டி, "இதை நீர் கொண்டுபோம். பிறேக்கை ஒருக்காப் பாரும்," என்றீர். தேய்ந்துபோயிருக்கும் என்றுதான் நினைத்தேன். கொண்டுவந்து வலைக் கொட்டிலில் சாத்தினேன். இப்போது யோசித்தால், அதுதான் நீர் செய்த பாவசங்கீர்த்தனமா, குற்றத்தை ஒப்புக்கொண்டதா? அரை வசனத்தில், நான் விளங்கிக்கொள்ளமாட்டேன் என்று தெரிந்துகொண்டே? சீ.

போன கிழமை, மலருக்கு எழுத உதவும் என்று அக்கா பழைய வீடியோ ஒன்றை அனுப்பினா. விளையாட்டு விழா அன்று அவ பிடித்தது. நான் விழுந்ததை நான் பார்த்ததே இல்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடது விரல் மடிகிறது. வலது விரல் அசையவேயில்லை. முன் சில்லு நிற்கிறது. பின் சில்லு சும்மா சுற்றுகிறது. மாதாவே என்று கத்திவிட்டேன், குசினிக்குள் இருந்து அம்மா ஓடிவந்தா.

அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அக்கா, அண்டைக்குச் சைக்கிளை ஆரும் தொட்டதோ?"

"அவன்தான். விடியக் கற்கட்டிலை தனிய ஓடிப் பாத்தவன். தனக்குத் தன்ர கைப்பழக்கம்தான் சரி எண்டு பிறேக்கை மாத்திப்போட்டு ஓடினவன். ஏன், உமக்குச் சொல்லேல்லையோ?"

"பேந்து?"

"பேந்தென்ன, உம்மை ஆஸ்பத்திரியிலை விட்டிட்டு வந்து, பின்னேரம் குந்தியிருந்து திரும்ப மாத்தினவன். ஏன்ரா இப்ப போய் மாத்திறாய் எண்டு கேட்டன். வாயே திறக்கேல்லை." சொல்லிமுடித்ததும்தான் அக்காவுக்கு விளங்கியது. பிறகு, "ஐயோ பிள்ளை... நான் இதை அனுப்பியிருக்கக்கூடாதோ?" என்றா.

காலையில் மாற்றினீர், மறந்துவிட்டீர். அதை நான் மன்னித்திருப்பேன். சத்தியமாக மன்னித்திருப்பேன். விடிய எழும்பிப் போய் உம்முடைய ஆசைக்கு இரண்டு தாவல் தாவிப் பார்த்தீர், யாருக்கும் வருகிற மறதி. ஆனால் பின்னேரம் குந்தியிருந்து பிறேக் ஆணியைக் கழற்றி மாற்றினீரே, அது மறதியில்லை. அதற்குப் பிறகு வந்து என் கட்டிலடியில் இருந்து தோடம்பழம் உரித்தீரே, அது மறதியில்லை. என் முறிந்த கைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தக் கையின் மேலேயே பழியைப் போட்டீர். உமக்குக் கஞ்சி பருக்கியதும் அதே கைதான். ஒவ்வொரு கரண்டிக்கும் வாயைத் திறந்தீர், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் திறக்கவில்லை. உயிரோடு இருந்தால் உம்முடைய கன்னத்தைப் பொத்தி அறைந்திருப்பேன். செத்துத் தப்பிவிட்டீர்.

மலருக்கு ஒரு வரி மட்டும் அனுப்பியிருக்கிறேன்: 'ஏற முன் இரண்டு பிறேக்கையும் நீயே பிடித்துப் பார் என்று சொல்லித் தந்தவர்.' அதில் பொய் இல்லை. அக்கா வாசித்து அழுதிருப்பா. அவவுக்கு விளங்கும்.

நேற்றுப் பின்னேரம் சைக்கிளை வலைக் கொட்டிலில் இருந்து வெளியே எடுத்தேன். காற்றைக் குறைத்தேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். இடதைப் பிடித்துத் தள்ளினேன், பின் சில்லு பூட்டியது. வலதைப் பிடித்தேன், முன் சில்லு. மூன்று தரம் பார்த்தேன். கற்கட்டில் ஏறி நின்றபோது கால் நடுங்கியது, பொய் சொல்லமாட்டேன். கை நடுங்கவில்லை. குதித்தேன். பின் சில்லு பட்டது, இடது விரல் மடிந்தது, அந்தப் பன்றிச் சத்தம் வந்தது, நின்றேன்.

வலையைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த அப்பா எழும்பி வந்தார். "எட பிள்ளை! கை பதறேல்லையே?"

"இல்லை அப்பா. அண்டைக்கும் பதறேல்லை."

வீடியோவைக் காட்டினேன். அப்பா ஃபோனை வாங்கித் தானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். உம்மை ஒரு சொல்லும் ஏசவில்லை. "நாளைக்கு வலைக்கு நீ என்ஜினைப் பிடி," என்று மட்டும் சொன்னார்.

இன்று விடிய நான் வள்ளத்தடிக்குப் போனபோது அப்பா எனக்கு முந்தியே வந்து நின்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு என்னைத் தன்னுடைய இடத்தில் இருத்தப் போகிற சந்தோசம் அவர் முகம் முழுக்க இருந்தது. "எண்ணெய், கயிறு, எல்லாம் பாத்திட்டன். ஏறு பிள்ளை," என்றார்.

நான் ஏறவில்லை. எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தேன். என்ஜின் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். என்னைப் பெற்ற மனிதர், நாற்பது வருடம் கடலில் திரிந்தவர், கரையில் நின்று நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர் முகம் வாடிப்போனதை நான் கண்டேன். நீர் எனக்கு விட்டுப்போனது இதுதான், அதை உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?